சொந்தப் பண்ணை நெய்

ராசிபுரம், 9-8-1936

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணி, குழந்தைகள் எல்லோரும் நலமா? இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு மாசியில் விழுந்த வலது கையும் காலும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கொஞ்சம் வருகிறது. நெய்க்கடையை நான்தான் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால், உட்கார்ந்து எதிர்க்கடையைப் பார்க்கிறேன். ஆடி பிறந்ததும் மணியன் என்று ஒருவர் நமக்கு நேர் எதிரே புதிதாக நெய்க்கடை வைத்துவிட்டார். அங்கே கிராமபோன் பாடுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை கிடைக்கிறது. நம்மிடம் காலங்காலமாக வாங்கியவர்கள் நம் வாசல் நிழலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அங்கேயே போய் வாங்குகிறார்கள். நிழல் மட்டும் நம்முடையது.

உங்கள் மாப்பிள்ளை கடையில் இருந்தவரை வாயே திறக்க மாட்டார். நெய் தானாக விற்றது. எனக்கு நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசத் தெரியவில்லை. நீங்கள் சேலத்து அச்சாபீஸில் நாடகக் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் எழுதி ஓட்டைக் கொட்டகையையும் நிரப்புகிறவர் என்று அண்ணி பெருமையடிப்பாரே, அந்த வித்தையில் கொஞ்சம் எனக்கும் சொல்லிக் கொடுங்கள். இந்தக் கடை போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை, அண்ணா.

உங்கள் தங்கை,
சௌந்திரம்

சேலம், 14-8-1936

என் அம்மிணிக்கு அண்ணன் மயில்சாமியின் ஆசிகள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி அழுதுவிட்டாள். மாப்பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குக் குறைவில்லை, முதலாளி கொடுக்கும் சம்பளம் மட்டும் வழக்கம்போல் குறைவாகவே இருக்கிறது.

வித்தை கேட்டாய், சொல்கிறேன். முதலில் நீ எழுந்து நில். உட்கார்ந்திருக்கும் வியாபாரியைப் பார்த்தால் வாங்க வருகிறவனுக்கும் தூக்கம் வரும். வருகிறவர் பேரைச் சொல்லிக் கூப்பிடு, வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம் என்று கேள். நெய்யைப் பற்றிக் கடைசியில் பேசினால் போதும். அடுத்தது, காலையில் கடை திறந்ததும் வாசலில் அடுப்பு வைத்து வெண்ணெய் காய்ச்சு. ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டு இறக்கு. அந்த வாசனைக்கு முன்னால் எந்தக் கிராமபோன் நிற்கும்? மூன்றாவது, நெய்க்குப் பெயர் வை. மாப்பிள்ளை பெயரிலேயே 'பாலசுந்தரம் பசு நெய்' என்று லேபிள் அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சின்னச் சின்ன டின்னில் ஒட்டி வரிசையாக அடுக்கி வை.

கூச்சப்படாதே. நீ சின்ன வயதில் கோழியை விரட்டிக்கொண்டு தெருவையே கூட்டியவள்தானே!

மயில்சாமி

ராசிபுரம், 6-9-1936

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பிள்ளையார் காது கேட்கிறவர் போலிருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை இப்போது தலையணையில் சாய்ந்து உட்காருகிறார். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

முருங்கைக்கீரை வேலை செய்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டுகிறார்கள். லேபிளைப் பார்த்து அங்கம்மாள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை உங்களுக்குத் தெரிந்திருக்காது. போதமலை அடிவாரத்திலிருந்து சந்தை நாளில் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற நெய்க்காரி. நம் கடை நெய்யெல்லாம் அவளும் அவள் ஊர்ப் பெண்களும் கொண்டுவருவதுதான். இவர் வேறு யாரிடமும் வாங்கியதில்லை. என் முதல் பிரசவத்தில், வண்டி வராத மழையில், என் பக்கத்தில் இருந்தவளும் அவள்தான்.

"நெய்க்கு எதுக்குப் பேரு, சாமி? மோந்து பாத்தா தெரியாதுங்களா?" என்றாள். இங்கே சந்தையில் வழக்கம் அப்படித்தான். வாங்குகிறவர் புறங்கையை நீட்டுவார். விற்கிறவள் ஒரு சொட்டுத் தடவுவாள். தேய்த்து மோந்து பார்த்தால் பேச்சு முடிந்தது.

ஆனால் மணியன் விலையைக் குறைத்துவிட்டார். வாசனையை நம் வாசலில் பிடித்துக்கொண்டு நெய்யை அங்கே போய் வாங்குகிறார்கள். இன்னும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சௌந்திரம்

சேலம், 15-9-1936

அன்புத் தங்கைக்கு ஆசிகள். மாப்பிள்ளை உட்காருகிறார் என்று படித்து வீட்டில் பாயசம் வைத்தோம். எல்லோரும் சுகம்.

இனி உண்மையான வித்தை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. 'வாருங்கள், மகிழுங்கள்' என்று நோட்டீஸ் போட்டால் ஜனங்கள் நடந்து வருவார்கள். 'ஐயோ, பார்க்காமல் போனால் கெட்டீர்கள்' என்று போட்டால் ஓடி வருவார்கள். ஆசையைவிடப் பயத்துக்குக் கால் அதிகம், அம்மிணி. ராத்திரி கண்விழித்து எழுதி, சிவப்பு மையில் அச்சடித்து, பஸ் டிரைவரிடம் ஒரு கட்டுக் கொடுத்தனுப்புகிறேன்:

'எச்சரிக்கை! எச்சரிக்கை!! ராசிபுரம் மகாஜனங்களே! உங்கள் குழந்தையின் சோற்றில் நீங்கள் ஊற்றுவது என்ன? ஊருக்குள் கலப்பட நெய் நடமாடுகிறது! யார் பானையில் என்ன கொழுப்போ, யார் கண்டார்? சொந்தப் பண்ணைப் பசுக்களின் கலப்படமற்ற நெய் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: பாலசுந்தரம் நெய்க்கடை.'

மணியனின் பெயரை எழுதவில்லை பார். எழுதினால் கோர்ட்டுக்குப் போவார். பெயரை விட்டுவிட்டால் படிக்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். தண்டோராவும் போடச் சொல். ஒரு வாரத்தில் அவருடைய கிராமபோன் ஒப்பாரி பாடும்.

மயில்சாமி

ராசிபுரம், 18-10-1936

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். வீட்டில் எல்லோருக்கும் சளி என்று பஸ் டிரைவர் சொன்னாரே, விட்டதா? இங்கே மழை. அவருக்குக் கால் குடைச்சல் அதிகம்.

நோட்டீஸ் கட்டு வந்து வெகு நாள் பரண்மேல் கிடந்தது. ராசிபுரத்தில் கலப்பட நெய் விற்று நான் கேள்விப்பட்டதே இல்லை, அண்ணா. மணியனுடையதும் நல்ல நெய்தான். நமக்குப் பண்ணையும் இல்லை, பசுவும் இல்லை. உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். "வே... வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குப் பொழுது சாயும்வரை கடைக்கு ஒரே ஒருவர் வந்தார். அவரும் சில்லறை கேட்டுத்தான் வந்தார். மறுநாள் காலையில் தண்டோராக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. ஓடித்தான் வந்தார்கள். எனக்குக் கை ஓயவில்லை. நான் நன்றாகச் சிரித்துப் பேசினேன் என்றால் நம்புவீர்களா? ஆனால் போன சந்தையில் ஒன்று பார்த்தேன். மலையடிப் பெண்கள் பானைகளை இறக்கி வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடப் புறங்கையை நீட்டவில்லை. நம் நோட்டீஸில் 'பானை' என்று இருக்கிறதே, இந்த ஊரில் பானையில் நெய் கொண்டுவருவது அவர்கள் மட்டும்தான். மணியன் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார். அவரும் தன் வாடிக்கைக்காரர்களிடம், "ஆமாங்க, சந்தைப் பானையிலதான் என்னமோ கலக்கறாங்க" என்று சொல்கிறாராம்.

கடையில் ஓர் அம்மாள் என்னிடமே கேட்டாள்: "ஏனுங்க, மலையடி நெய்யத்தான் சொல்றீங்களா?" நான் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

சௌந்திரம்

சேலம், 24-10-1936

தங்கைக்கு ஆசிகள். சளி விட்டது, தீபாவளி நெருங்கிவிட்டது. குழந்தைகள் அத்தையின் நெய்யில் பலகாரம் வேண்டும் என்கிறார்கள்.

டின்னைத் துடைத்தாயா? சபாஷ்! நான் இத்தனை வருடம் படித்த பாடத்தை நீ ஒரு துணியால் கற்றுக்கொண்டாய். கேட்டால் ஆம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. ஊர் வாயை நீ திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.

பானை என்று வந்தது கைப்பழக்கம். நெய் என்றால் பானை என்று எழுதிவிட்டேன், அதைப் பெரிதாக நினைக்காதே. ஒன்று மட்டும் கவனம். நீ சொந்தப் பண்ணை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறாய். அந்த அங்கம்மாள் பானையோடு முன்வாசலில் வந்து இறங்கினால் எல்லாம் பாழ். கொஞ்ச நாளைக்குப் பின்சந்து வழியாக வரச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டாள். பழகியவள்தானே.

மயில்சாமி

ராசிபுரம், 6-12-1936

அண்ணன் அவர்களுக்கு. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அங்கம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "பின்னால கெணத்துப் பக்கமா வரச் சொல்றீங்களே, நா என்ன திருடியா சாமி?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். பிறகு அப்படியே வந்தாள்.

நேற்றுச் சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. மலையடி நெய்யில் பன்றிக் கொழுப்பு என்று யாரோ கத்தினார்களாம். பெண்களைச் சுற்றி வளைத்துப் பானைகளை உடைத்தார்கள். தெருவெல்லாம் நெய் ஓடியது. நாய்கள் வந்து நக்கின. மண்ணில் கிடந்தும் அந்த நெய் மணத்தது, அண்ணா. அங்கம்மாள் உடையாத பானையை மார்போடு அணைத்துக்கொண்டு நம் கடை முன்வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள்.

"நாங்க எதும் கலக்குலீங்க! இந்த ஊட்டுக்குத்தானுங்க வருசக்கணக்கா நெய் ஊத்தறேன். இந்த அம்மாவையே கேட்டுப் பாருங்க!" என்று என்னைக் காட்டினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணியனும் அவர் கடைப் படியிலிருந்து பார்த்தார்.

பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. யாருக்கும் பெரிதாக அடியில்லை. சாயங்காலம் நல்ல வியாபாரம். அவருக்குக் கஷாயம் கொடுக்கும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

சௌந்திரம்

சேலம், 11-12-1936

அன்புத் தங்கைக்கு. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் கூட்டம் கலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நடுவில் நீ என்ன சொன்னாய்?

உடனே எழுது.

மயில்சாமி

சேலம், 2-1-1937

அம்மிணி, பதில் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது என்றால் தந்தி கொடு, ஓடி வருகிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுது. உன் அண்ணி என்னைச் சாப்பிடவிட மாட்டேன் என்கிறாள். நான் அந்த நோட்டீஸை இரண்டாம் தரம் அச்சடிக்க எடுத்தவன், கட்டி அப்படியே வைத்துவிட்டேன்.

மயில்சாமி

ராசிபுரம், 20-1-1937

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பொங்கல் நன்றாக நடந்ததா? குழந்தைகளுக்கு இந்த வருடம் நெய் அனுப்ப முடியவில்லை. அனுப்ப நெய் இல்லை.

மார்கழியிலிருந்து மலையடியிலிருந்து ஒருத்தியும் ராசிபுரம் வருவதில்லை. ஆள் விட்டுக் கேட்டேன். ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம், பதில் கொடுக்கவில்லையாம். அங்கம்மாள் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று அந்த ஆள் சொன்னான். காசு கொடுக்கிறேன் என்றாலும் எனக்கு நெய் தர யாரும் இல்லை. ஆனால் கடையில் ஆட்கள் குறையவே இல்லை. நாமக்கல்லிலிருந்தும் வருகிறார்கள். 'கலப்படமில்லாத நெய் இங்கேதானே?' என்று கேட்டு வருகிறார்கள். காலி டின்களை முன்னால் அடுக்கிவிட்டு நாளைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்தப் பண்ணையில் எப்படி நெய் தீரும் என்று ஒருவர் கேட்டார். மாடுகளுக்கு நோய் என்றேன். இந்தப் பேச்செல்லாம் எனக்கு இப்போது யோசிக்காமலே வருகிறது.

உங்கள் மாப்பிள்ளை என் கையால் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து ஊட்டுகிறாள். பானைகளை உடைத்த அந்தச் சந்தை நாளன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

நெய்க்கு ஒரு வழி சொல்லுங்கள்.

சௌந்திரம்

சேலம், 26-1-1937

தங்கைக்கு ஆசிகள். கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நானும் இனிக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் காலைத் தொட்டு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சொல்லத் தோன்றாவிட்டால் விட்டுவிடு.

வாழப்பாடியிலிருந்து தீர்த்தகிரி என்று ஒருவர் இந்தக் கடிதத்தோடு டின்கள் கொண்டுவருவார். சேலத்தில் பாதி ஓட்டல்களுக்கு அவர் நெய்தான். முக்காலும் எண்ணெயை உறையவைத்துச் செய்கிற வெஜிடபிள் நெய், வாசனைக்குக் கொஞ்சம் பசு நெய். பார்வைக்கு மணல் மணலாக இருக்கும். முருங்கைக்கீரையை இன்னொரு பிடி கூடப் போட்டுக் காய்ச்சினால் டவுன்காரர்களுக்குத் தெரியாது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்கிறார்கள். மலையடிப் பெண்கள் மனம் மாறும்வரை கொஞ்ச நாள்தான், அம்மிணி. அதுவரை கடையை மூடாதே. ஒரு தரம் மூடினால் ஏன் மூடினாய் என்று கேட்பார்கள்.

இந்தக் கடிதத்தில் சிரிக்க ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மயில்சாமி

ராசிபுரம், 21-3-1937

அண்ணா,

நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று மத்தியானம் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

பங்குனிக் கல்யாணங்கள். கடை நிறைய ஆட்கள். நான் தீர்த்தகிரி டின்னைத் திறந்து அளந்துகொண்டிருந்தேன். வாசலுக்கு வெளியே, படி ஏறாமல், பித்தளைச் செம்பும் கையுமாக ஒருவர் நின்றார். துக்க வீட்டார் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள், அதனால் பார்த்ததும் புரிந்தது. ஆளை அடையாளம் தெரிந்ததும் அளந்துகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

"நா மலையடி மாரியப்பனுங்க. எங்காத்தா விடியக்கால தவறிப்போச்சுங்க. அங்கம்மான்னு பேரு. உங்களுக்குத் தெரியாதுங்க. ஆத்தாள ஆருன்னே தெரியாதுன்னு நீங்க அன்னிக்கு எல்லார்த்துக்கும் முன்னால சொன்னீங்களாம். ஆத்தாதான் சொல்லுச்சுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. யாரோ புதியவளிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவர் மாதிரிதான் சொன்னார்.

"பேரம்பேத்திக நெய்ப்பந்தம் புடிக்கோணுங்க. நாங்க அப்பவே மாட்டையெல்லாம் வித்துப்போட்டோம். அடிவாரத்துல ஒரு ஊட்டுலயும் சொட்டு நெய் இல்லீங்க. காலமெல்லாம் நெய் சொமந்த ஆத்தாளுக்கு மட்டமான நெய்யில பந்தம் புடிச்சா நல்லாருக்காதுங்க. உங்க நோட்டீசுல சுத்தம்னு போட்டிருக்குதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. நல்ல நெய்யாப் பாத்து ஊத்துங்க, சாமி."

இது வேண்டாம், இது நெய் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அண்ணா. சத்தியமாகத் திறந்தேன். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் அதே நெய் இருந்தது. எதிர்ப்படியில் மணியன் நின்றிருந்தார். "ஊத்துங்க அம்மா, செத்த ஊட்டுக்காரரைக் காக்க வெக்காதீங்க" என்று ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார். உள்ளே இருந்து உங்கள் மாப்பிள்ளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போன வருடம் மாசியில் விழுந்த பிறகு முதல் தடவையாக, இழுக்காமல், முழுசாக "சௌந்திரம்!" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மாரியப்பனின் செம்பைப் படியில் வைக்கச் சொல்லி வாங்கி, விளிம்புவரை ஊற்றினேன்.

அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். துக்கத்தில் மோந்து பார்க்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆனால் அங்கே ஊரே கூடி நிற்கும். பிறந்ததிலிருந்து நெய்யோடு வளர்ந்தவர்கள் அவர்கள். முதல் பந்தத்தில் தீ பிடித்து வாசனை கிளம்பினதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். பிணத்தைச் சுற்றிவந்துகொண்டே தெரிந்துகொள்வார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கடையை அடைத்துவிட்டு உங்களிடம் வந்துவிடலாமா என்று நினைத்தேன். இவரைத் தூக்கிக்கொண்டு எங்கே வருவேன்? மலையடிக்காரர்கள் வந்து நின்றால் அவர்களை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. இந்நேரம் பந்தத்தைக் கொளுத்தியிருப்பார்கள்.

சௌந்திரம்